கவுஸ் பாயும் பார்க்கு வல்லூறும்

திண்டிவனத்தில் முகம்மது கவுஸ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டு பாய் என்று கேளுங்கள். நகராட்சி பார்க்குக்கு எதிரில் இருக்கிற கோழிக்கடையைக் காட்டி விடுவார்கள். அந்தப் பேரை வைத்தது டீக்கடை நடராசன். பாயோட கடைக்கும் என் பஞ்சர் கடைக்கும் நடுவில்தான் அவர் பாய்லர் கொதிக்கிறது. யாருக்கு என்ன பேர் என்பதை அந்தப் பாய்லர் முன்னாடிதான் முடிவு பண்ணுவார்கள்.

பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். எங்க ஊரில் பொண்ணு எடுத்தார். கல்யாணம் ஆன கையோடு அபுதாபி பக்கம் போனவர். நடுவில் லீவில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். பதினாலு வருஷம் ஆனபிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினார். அங்கே போய் வந்தவனெல்லாம் டிரைவர் வேலை, கட்டட வேலை, கடையில் மூட்டை தூக்கினேன் என்று சொல்லுவான். பாய் வேற மாதிரி சொன்னார்.

"ராஜாளி வளத்தேன்."

"என்னா கோழி அது?" என்றார் நடராசன்.

"கோழி இல்லங்க. வேட்டைக்கு வளக்குற பட்சி. எங்க அர்பாப் வீட்டுல இருந்துச்சி." அங்கே மொதலாளியை அர்பாப் என்பார்களாம். "தெனம் கையில தூக்கி வச்சிக்கினு கறி ஊட்டணும். தலைக்குத் தோல்ல ஒரு தொப்பி உண்டு, அதப் போட்டுக் கண்ண மறச்சிட்டா பயப்படாம ஒக்காந்திருக்கும். குளிர் காலத்துல வேற நாட்டுக்கு வேட்டைக்குக் கூட்டிக்கினு போவாங்க. பிளைட்டுல அதுக்கும் சீட்டு போடுவாங்க."

சீட்டோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். மனுஷன் நிறுத்தவில்லை.

"பாஸ்போர்ட்டும் உண்டு" என்றார்.

நடராசன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "கழுகுக்குப் பாஸ்போர்ட்டு. ரேஷன் கார்டுல என் மருமவ பேரச் சேக்கறதுக்கு நான் தாலுகா ஆபீசுக்கு செருப்பு தேய நடந்துக்கினு இருக்கேன். போட்டோ கீட்டோ வச்சிருக்கியா பாய்?"

"இல்லங்க. பட்சி ரூமுக்குள்ள போன் எடுத்துக்கினு போவக் கூடாது. வாசல்லயே பொட்டியில போட்டுட்டுத்தான் போவணும்."

"அதான பாத்தேன்" என்றார் நடராசன். அன்றைக்கே பேர் ஒட்டிக்கொண்டது.

பாய் கோபப்படுகிற ஆள் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், சிரிப்பார், கோழியை எடுப்பார். அவர் கோழி பிடிக்கிறதே ஒரு தினுசு. மற்ற கடையில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவான், அது ஊரைக் கூட்டும். பாய் ரெண்டு ரெக்கையையும் சேர்த்து உள்ளங்கையில் அடக்கித் தூக்குவார். சத்தமே வராது. அந்தக் கைக்கு வேற ஏதோ பழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் பாஸ்போர்ட்டு என்றதை நானும் முழுங்க முடியாமல்தான் இருந்தேன்.

ஊர் சிரித்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அடித்தது வீட்டில் விழுந்த அடி. ஒரே பொண்ணு, அப்ஸானா. விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறது, தெனம் பஸ்ஸில் போய் வரும். கூட வருகிற பிள்ளைகளில் ஒன்று, "உங்க அத்தா கழுகுக்கு டிபன் ஊட்டுனாராமே" என்று கேட்டு, பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. பொண்ணு வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழட்டாமல் சொல்லியிருக்கிறது: "அத்தா, வெளியில அந்தக் கதய இனிமே சொல்லாதீங்க. அங்க சும்மா வேல பாத்தேன்னு சொன்னா போதும்."

கதை என்று சொல்லிவிட்டது. பாயோட சம்சாரம் சபியா பீவி என் வீட்டுக்காரி காந்திமதியிடம் சொல்லி, காந்திமதி என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் பாய் வாயைத் திறக்கவில்லை. அம்பது வயசு ஆளுக்கு நடுவில் பதினாலு வருஷத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். காலையில் கடை திறக்கிறதுக்கு முன்னாடி பாய் பார்க்குக் குழாயில் தண்ணி பிடிக்கப் போவார். அன்றைக்கு வெறும் குடத்தோடு திரும்பி வந்தார்.

"தேவா, உள்ள ஒன்னு வந்திருக்குது."

"பாம்பா?"

"வல்லூறு. வா, வந்து பாரு."

தூங்குமூஞ்சி மரத்தின் கீழ்க்கிளையில் உட்கார்ந்திருந்தது. புறாவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முதுகு சாம்பல், நெஞ்சில் செம்மண் கலரில் பட்டை பட்டையாகக் கோடு. ஆனால் உட்கார்ந்திருந்த மிடுக்கு இருக்கிறதே, அந்த மரத்துக்கே அதுதான் பட்டாதாரர் என்கிற மாதிரி. வாக்கிங் வந்த ரெண்டு பேர் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கருடன் இல்லங்க, வல்லூறு" என்றார் பாய்.

டீ வாளியோடு வந்த நடராசன், "பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்தியா?" என்றார்.

பாய்க்கு அது காதில் விழவில்லை. அவர் பறவையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல வாரு இல்ல பாத்தியா" என்றார் என்னிடம். "அங்க எல்லாத்துக்கும் கால்ல தோல் வாரு கட்டியிருப்போம். பறக்க உட்டாலும் வாரோடதான் போவும். வாரு இல்லாத ஒன்ன நான் இவ்ளோ கிட்ட பாத்ததே இல்ல."

அன்றைக்கு அவருக்கு அந்த ஆசை பிடித்தது. போட்டோ எடுக்கணும்.

"அப்ஸானாவுக்கு அனுப்பணும் தேவா. ராஜாளிய எங்க போய்க் காட்டறது? இத கிட்டப் போய் எடுத்துக் காட்டுனா, அத்தா பட்சிகிட்ட இருந்த ஆள்தான்னு அதுக்குப் புரியும்ல."

"கிட்டன்னா எவ்ளோ கிட்ட?"

"கண்ணு தெரியணும்."

அவர் போனைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். தூரத்திலிருந்து பெரிசு பண்ணி எடுத்தால் எல்லாம் கரைந்து கேப்பைக் கூழ் ஆகிவிடும். மொதல் போட்டோவை நடராசன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தேன்கூடா பாய்?"

"வல்லூறுங்க."

"தலை எந்தாண்ட இருக்குது?"

நான் ஒரு யோசனை சொன்னேன். "உன் கடையில ஈரல் கெடக்குது. ஒரு துண்டு எடுத்து பெஞ்சு மேல வையி. தானா எறங்கி வரும். எடுத்துட்டுப் போ."

பாய் தலையை ஆட்டினார். "அங்க அதத்தான் பண்ணோம். கையில தின்னுப் பழகுனா அப்புறம் கையத்தான் பாக்கும். இது பாட்டுக்கு ஓணான் புடிச்சித் தின்னுக்கினு நல்லா இருக்குது. அத நான் கெடுக்க மாட்டேன்."

அவர் பிடித்த வழி வேற. ஒரே சட்டை. பாசி கலரில் பழைய சட்டை ஒன்று அவரிடம் இருந்தது, வல்லூறைப் பார்த்த மொதல் நாள் போட்டிருந்தது. தெனமும் அதையே போட்டார். ஒரே நேரம், ஒரே வழி. மரத்தை நேராகப் பார்க்க மாட்டார். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போய், தூரத்துப் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பட்சிக்கு முதலில் துணியைத்தான் தெரியுமாம், ஆளை அப்புறம்தான். அங்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரூமுக்குள் போனால் ராஜாளி அடித்துக்கொள்ளுமாம். உற்றுப் பார்க்கிற கண்ணும் அதுக்கு ஆகாதாம்.

நாலைந்து நாளுக்கு ஒரு தரம் ஒரு பெஞ்சு முன்னால் மாறுவார். கடை திறக்க லேட்டாகும். கோழி வாங்க வந்தவர்கள் என்னிடம் வந்து கத்துவார்கள். பார்க்கு வாட்ச்மேன் சீனுவாசன் ஒருநாள் என்னை ஓரங்கட்டினார்.

"ஏம்பா, பாய்க்கு ஒடம்பு நல்லாதான இருக்குது? ஒரே சட்டையில வந்து செருப்ப பாத்துக்கினு இருக்காரு. பேஜாரா இருக்குது."

"போட்டோ எடுக்குறாரு."

"முதுவுலயா?"

நடராசன் சும்மா இருப்பாரா? "பட்சிக்குப் பாஸ்போர்ட்டு, பாய்க்கு யூனிபாரம்" என்றார்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாசி பிறந்த நேரத்தில் பாய் சீசா பலகைக்குப் பக்கத்துப் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டார். அந்தப் பறவை அவருக்கு எதிரிலேயே தரையில் இறங்கி, ஒரு ஓணானை அமுக்கி, சாவகாசமாகக் கிழித்துத் தின்றது. நான் வேலிக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாய் போனை எடுக்கவே இல்லை.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "யோவ், கண்ணு என்னா, கண்ணுல இருக்கிற பீளை கூட தெரிஞ்சிருக்கும். ஏன்யா எடுக்கல?"

"போன் தூக்குற கை அதுக்குப் புதுசு தேவா. மொதல்ல போன மடியில வச்சிக் காட்டணும். அப்புறம் முட்டி மேல. பழகட்டும்."

எனக்கு ஒரு டியூப் ஒட்டிக் காய்கிறதுக்குள்ளேயே பொறுமை போய்விடும். இந்த மனுஷன் ஒரு போட்டோவுக்காக ஒரு போனை ஒரு பறவைக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சபியா பீவி அந்தக் காரியத்தைச் செய்தது. அது மேல் தப்பு சொல்ல மாட்டேன். தெனம் ராத்திரி அந்தச் சட்டையைத் துவைத்து ஃபேனுக்கு அடியில் காயப்போட்டு அலுத்துவிட்டது. காலர் நைந்து பஞ்சாகத் தொங்கியது. புருஷன் பிச்சைக்காரன் மாதிரி பார்க்கில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஞாயித்துக்கிழமை பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். பாய் கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்தார். சபியா அந்தச் சட்டையோடு ரெண்டு பழைய புடவையையும் போட்டு ஒரு பக்கெட்டு வாங்கிவிட்டது.

சாயங்காலம் விஷயம் தெரிந்து பாய் என் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு செஞ்சி ரோடு வரைக்கும் தேடினார். துணிக்காரன் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் வீட்டில் சண்டை போடவில்லை. "பக்கெட்டு நல்ல கெட்டியா இருக்குது" என்று மட்டும் சொன்னாராம். சபியா அழுததே அதுக்கப்புறம்தான்.

மறுநாள் காலையில் பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"இன்னிக்கு வேணாம் உடு" என்றேன்.

"நேரத்துக்கு வர்ற ஆளு வரலன்னாலும் அது எடத்த மாத்திடும் தேவா. தூரமாவே ஒக்காந்துட்டு வந்துடறேன்."

நானும் கூடவே போனேன். வல்லூறு அன்றைக்குப் பார்த்து மரத்தில் இல்லை, சீசா கம்பி மேலேயே உட்கார்ந்திருந்தது. செடி மறைவில் திரும்பியதும் வெள்ளைச் சட்டை அதன் கண்ணெதிரில் போய் நின்றுவிட்டது. விருட்டென்று கிளம்பியது. உயரப் போகாது அந்தப் பறவை, தரையை ஒட்டி அம்பு மாதிரிப் போகும். போன வேகத்தில் பந்து ஆடுகிற இடத்தில் கட்டியிருந்த ஷட்டில் நெட்டில் போய் விழுந்தது.

கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. ரெக்கை ஒன்று நைலானுக்குள் சுற்றிக்கொண்டது, காலால் உதைக்க உதைக்க இன்னும் இறுகியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பேட்டை வைத்துத் தூக்கிவிடப் பார்த்தார்கள். வாக்கிங் போனவர்களெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. தண்ணி ஊத்து, குச்சியால தள்ளு, பயர் சர்வீசுக்குப் போன் போடு.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றார் பாய்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லாரும் நகர்ந்தார்கள்.

ஆடுகிறவர்களில் வேங்கடேசன் என்று ஒருத்தர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாய் அவர் காலைப் பார்த்தார். "சார், உங்க சாக்ஸ் ஒன்னு கழட்டிக் குடுங்க."

"துவைக்கலயே பாய்."

"அதுக்கு மோப்பம் தெரியாது. குடுங்க சார் ஜல்தி."

டியூப் வெட்டுகிற கத்தரி என் பையிலேயே இருந்தது. அதை வாங்கி சாக்ஸின் நுனியில் மூக்கு நுழைகிற அளவுக்கு வெட்டினார். கீழே குனிந்து, பக்கவாட்டில் போய், ஒரே அசைவில் பறவையின் தலையில் மாட்டினார். அலகு மட்டும் வெளியே. அவ்வளவுதான். கரண்டை நிறுத்தின மாதிரி கத்து நின்றது. நெஞ்சு மட்டும் படபடவென்று ஏறி இறங்கியது. பாய் உள்ளங்கையில் ரெண்டு ரெக்கையையும் அடக்கிக்கொண்டு, "வெட்டு தேவா" என்றார்.

"புது நெட்டுங்க" என்றார் வேங்கடேசன். அவரே அப்புறம், "வெட்டுங்க" என்றார்.

ஒவ்வொரு இழையாக வெட்டினேன். எந்த இழை என்று பாய் கண்ணால் காட்டுவார். பறவையின் நகம் அவர் மணிக்கட்டில் இறங்கி ரத்தம் வெள்ளைச் சட்டைக் கையில் ஊறியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவிழ்ந்ததும் ரெக்கையை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொரு இறகாகத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா இருக்குது. வால்ல ஒன்னு ஒடஞ்சி இருக்குது. அங்கன்னா வேற இறகு வச்சி ஒட்டுவோம். இதுக்குத் தானா மொளைக்கும்."

டீக்கடையை விட்டுவிட்டு ஓடிவந்த நடராசன் மெதுவாகச் சொன்னார்: "பாய், இதுக்குத்தான இவ்ளோ நாளு ஒக்காந்திருந்த. கையில வச்சிக்கினு நில்லு. எல்லாருமா எடுக்குறோம். உன் பொண்ணு பாக்கட்டும்."

நியாயமான பேச்சுதான். பாய் கையில் இருந்த பறவையைப் பார்த்தார்.

"தலைய மூடிக்கினு எடுத்தா கண்ணு தெரியாது. தொறந்துட்டுப் புடிச்சி வச்சா அது பயந்துபோன கண்ணு. அது எதுக்கு" என்றார். என்னிடம் திரும்பி, "தேவா, என் போன் பையில இருக்குது. நான் உட்டதும் அமுத்து. முடிஞ்சா கெடைக்கட்டும்."

போனைக் கையில் வாங்கினேன். பாய் சாக்ஸை உருவினார். பறவை அவர் முஷ்டி மேல் ஒரு கணம் உட்கார்ந்தது. நெருப்புத் துண்டு மாதிரி சிவப்புக் கண். நான் அமுத்தினேன். மறுபடி அமுத்தினேன். விரல் பூரா பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து கிடக்கிறது, அந்தக் கண்ணாடிக்கு என் விரல் விரலாகவே தெரியவில்லை. பறவை போய்விட்டது.

"எடுத்தியா?"

"இல்லப்பா" என்றேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

பாய் சிரித்தார். "உடு."

அப்போது சீனுவாசன் கையைக் காட்டினார். வல்லூறு எங்கேயும் போகவில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் கீழ்க்கிளையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்து, கலைந்த இறகை அலகால் நீவிக்கொண்டிருந்தது. பாய் என் கையிலிருந்து போனை வாங்கினார். அதே நண்டு நடை. வெள்ளைச் சட்டைதான், ரத்தம் வேற. ஒரு அடி வைப்பார், நிற்பார், செருப்பைப் பார்ப்பார். அது தலையைத் தூக்கினால் இவர் தலையைக் குனிவார். எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் தும்ம வந்து வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிப் பெஞ்சையும் தாண்டி, கிளைக்கு நேர் கீழே போய், போனை முதலில் வயித்துகிட்ட வைத்தார். அப்புறம் நெஞ்சுகிட்ட. அது பார்த்தது. அவர் காத்திருந்தார். அது மறுபடி இறகை நீவ ஆரம்பித்தது. அப்போதுதான் தூக்கி எடுத்தார்.

ஒன்றே ஒன்று. எடுத்ததும் அதே மாதிரி பின்னால் நடந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் அது சாவகாசமாக உதறிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்து போனது.

போட்டோவை நான் பார்த்தேன். கண் தெரிந்தது. கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது அவர் சட்டை என்று பாய் சொன்னார். இலை வழியாக வந்த வெயில் நெஞ்சுக் கோட்டில் விழுந்திருந்தது. காலில் ஒன்றும் இல்லை. கிளையை அழுத்திப் பிடித்த வெறும் மஞ்சள் கால். போட்டோ பத்தி எனக்கென்ன தெரியும்? ஆனால் பயமில்லாத ஒரு உயிரைப் பார்த்தால் தெரியும் இல்லையா. அதில் அது தெரிந்தது.

பாய் அதைப் பொண்ணுக்கு மட்டும் அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மத்தியானம் வரைக்கும் பதில் இல்லை. பார்த்துவிட்டது என்று மட்டும் போன் காட்டியதாம். அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கோழி வெட்டினார். ரெண்டு தரம் போனை எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன்.

நடராசன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "பாஸ்போர்ட்டு, அந்தத் தோல் தொப்பி, அத யாரு தைப்பாங்க?"

"அதுக்குன்னே கடை இருக்குதுங்க."

"அளவெடுத்தா?"

"அளவெடுத்துதான்."

"செரி" என்றார் நடராசன். சிரிக்கவில்லை.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் இறங்கிய அப்ஸானா நேராக வீட்டுக்குப் போகவில்லை. கோழிக்கடைக்கு வந்தது. அந்தப் பொண்ணு கடைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. நெட்டை வெட்டினபோது வாட்ச்மேன் எடுத்த வீடியோ அதுக்குள் பஸ் முழுக்கப் போயிருந்தது. ஆனால் பொண்ணு அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தது. புதுக் காயத்துக்கு மேலே, முழங்கை வரைக்கும், பழைய கோடு கோடாகத் தழும்பு.

"இதெல்லாம் கோழி கீறுனதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"கோழி இவ்ளோ ஆழமா கீறாதும்மா."

பொண்ணு ரொம்ப நேரம் அந்தக் கையை விடவில்லை. அப்புறம் முட்டை அட்டைகளை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தது.

"அங்க நீங்க எங்க அத்தா படுத்துக்குவீங்க?"

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "பட்சி ரூமுக்கு அடுத்த ரூமு. நடுவுல ஒரு கண்ணாடி. அதுங்களுக்குன்னு ஏசி போடுவாங்க, எங்களுக்கும் கொஞ்சம் வரும்."

"அதுங்க நைட்டுல தூங்குமா?"

"தூங்கும். ஒத்தக் கால்ல."

"சொல்லுங்க" என்றது பொண்ணு.

பைக்கில் ஒருத்தன் வந்து நின்றான். அரைக்கிலோ வேணும், தோல் உரித்து, அவசரம் என்றான். பாய் பேசிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார். நான் என் கடையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"கடை மூடியாச்சி. பஸ் ஸ்டாண்டுகிட்ட வேற கடை இருக்குது, அங்க போய் வாங்கு."